35 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழப்பமான சிக்னல்: ஃப்ரோம் நாணயப் பானையும் டிடெக்டர் செட்டிங்குகளும்

2010 ஏப்ரல் 11 அன்று, இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஃப்ரோம் ஊருக்கு அருகிலுள்ள ஒரு வயலில் டேவ் கிறிஸ்ப் என்பவர் மெட்டல் டிடெக்டருடன் தேடிக்கொண்டிருந்தார். அதே வயலில் அவருக்கு ஏற்கெனவே பிற்கால ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்திருந்தன. சிதறிப்போன அந்தப் புதையலில் மிச்சம் ஏதாவது இருக்குமா என்றுதான் தேடினார். அப்போது ஒரு சிக்னல் வந்தது. 'விசித்திரமான சிக்னல்' என்று பின்னர் அதைச் சொன்னார். தோண்டியதும் கதிர்க்கிரீடம் அணிந்த பேரரசர் முகம் பொறித்த சிறிய காசு ஒன்றும், அதற்குக் கீழே ஒரு பானையின் மேற்பகுதியும் தென்பட்டன. குழியின் ஆழம் சுமார் 35 செ.மீ., அகலம் 20 செ.மீ. அவர் அத்துடன் நிறுத்தி, குழியை மூடிவிட்டு, தொல்லியல் அலுவலருக்குத் தகவல் சொன்னார். பானைக்குள் இருந்தவை 52,503 ரோமானியக் காசுகள். எடை சுமார் 160 கிலோ.

டிடெக்டர் வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, 'இன்னும் ஆழத்தில் இருப்பதை எப்படிப் பிடிப்பது?' என்பதுதான். ஃப்ரோம் நிகழ்வு அந்தக் கேள்விக்கு நல்ல பாடம். 160 கிலோ உலோகம் காலடியில் கிடந்தும் கருவி 'இதோ' என்று கத்தவில்லை, குழம்பித்தான் பேசியது. அந்தக் குழப்பத்தைக் காதில் விழவைப்பதற்காகவே செட்டிங் மாற்றுகிறோம். சென்சிட்டிவிட்டியை (கருவியின் உணர்திறனை) உச்சத்தில் வைத்துவிட்டால் ஆழம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்தச் சிக்னலை இரைச்சலோடு இரைச்சலாகக் கடந்து போய்விடுவார்கள்.

அவ்வளவு உலோகம் இருந்தும் சிக்னல் ஏன் தெளிவாக வராது?

முதலில் தூரக் கணக்கு. கருவியின் அடியில் உள்ள கம்பிச்சுருளான காயில் அனுப்பும் காந்தப்புலம் தூரம் கூடக்கூட வேகமாக மங்கும். உலோகத்தில் கிளம்பும் எதிர்வினை திரும்பி வரும்போது அதே அளவு இன்னொரு முறை மங்கும். காயிலின் அளவைவிடத் தூரம் மிகவும் அதிகமாகும்போது, தூரம் இரட்டித்தால் சிக்னல் 64-இல் ஒரு பங்காகிவிடும். நாம் வயலில் வேலை செய்யும் தூரங்களில் சரிவு இவ்வளவு கடுமையாக இல்லை என்றாலும் கடுமைதான். 28 செ.மீ. விட்டமுள்ள வட்டக் காயிலுக்குக் கணக்குப் போட்டால், 20 செ.மீ. ஆழத்தில் உள்ள ஒரு காசையே 35 செ.மீ.க்கு இறக்கும்போது சிக்னல் சுமார் 13-இல் ஒரு பங்காகக் குறைகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். கருவியின் பெருக்கத்தை இரு மடங்காக்கினால் 20 செ.மீ.யில் கேட்கும் காசு சுமார் 23.5 செ.மீ. வரை கேட்கும். கிடைப்பது மூன்றரை சென்டிமீட்டர். அதுவும் இரைச்சல் ஏறாமல் இருந்தால் மட்டுமே. நடைமுறையில் பெருக்கம் கூடினால் மண்ணின் எதிர்வினையும் மின் இரைச்சலும் அதே அளவு கூடும். அதனால் அந்த மூன்றரை சென்டிமீட்டரும் பெரும்பாலும் கைக்கு வருவதில்லை.

ஒரு தனிக் காசுக்கு இந்தக் கணக்கு சரி. பானை நிறையக் காசுக்கு வேறு சிக்கல் உண்டு. ஃப்ரோம் பானையின் அகலம் சுமார் 45 செ.மீ., அதாவது சாதாரண காயிலைவிட அகலம். இன்றைய விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) கருவிகள் பெரும்பாலும் அசைவை வைத்துத்தான் வேலை செய்கின்றன: காயில் நகரும்போது சட்டென்று ஏறி இறங்கும் சிக்னலை இலக்கு என்றும், மெதுவாக மாறுவதை மண் என்றும் கருதி வடிகட்டுகின்றன. ஆழத்தில் பரந்து கிடக்கும் குவியலின் சிக்னல் மெதுவாக ஏறி மெதுவாகத்தான் இறங்கும். கருவி அதில் பாதியை மண் என்று எண்ணித் தள்ளிவிடும். போதாததற்கு, துருப்பிடித்த காசுகள் ஒன்றோடொன்று நல்ல மின்தொடர்பில் இருக்காது. ஆகவே 160 கிலோ கட்டி தர வேண்டிய உயர்ந்த எண் (உலோகத்தின் வகையைக் காட்டும் எண்) திரையில் வராது. வெள்ளி குறைந்த, செம்பு மிகுந்த சிறு காசுகளின் நடுத்தர எண்ணே வரும், அதுவும் ஒவ்வொரு வீச்சுக்கும் மாறிக்கொண்டிருக்கும். இரும்புத்தாது கலந்த மண்ணாக இருந்தால் ஆழத்து இலக்கின் எண் இரும்புப் பக்கம் சரியவும் செய்யும்.

ஆக, ஆழத்துச் சிக்னலுக்கு உரிய அடையாளங்கள் இவை: ஓரம் மழுங்கிய ஒலி, நிலையில்லாத எண், இடையிடையே இரும்பின் முனகல். மேலோட்டமாகத் தேடுகிறவர் குப்பை என்று ஒதுக்குவதும் இவற்றைத்தான்.

செட்டிங்: எதை முதலில், எதைக் கடைசியில்

வரிசை மாறினால் பலன் கெடும். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 பலரிடம் இருப்பதால் எண்களை அதை வைத்தே சொல்கிறோம். மற்ற கருவிகளில் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

மின் இரைச்சலைக் குறைப்பது முதல் வேலை. கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் டிடெக்டர் வைத்திருந்தால் இருபது மீட்டராவது தள்ளிப் போங்கள். மின்வேலியும் மேலே போகும் மின்கம்பியும் கருவியைப் பிதற்றவைக்கும். பிறகு காயிலை அசையாமல் பிடித்துக்கொண்டு நாய்ஸ் கேன்சல் ஓட்டுங்கள். இடம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்தது கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் எதிர்வினையைக் கழித்துவிடுவது. உலோகம் இல்லாத துப்புரவான இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, காயிலை மண்ணுக்கு இணையாகப் பிடித்து, 15 செ.மீ. உயரத்திலிருந்து 5 செ.மீ. வரை ஏற்றி இறக்கி, மண்ணின் ஒலி அடங்கும் எண்ணில் நிறுத்துங்கள். துப்புரவான இடம் என்று நினைத்தது ஒரு துருப்பிடித்த ஆணியின் மேலாக இருந்தால் அன்றைய தேடல் முழுக்கப் பாழ். அதனால் இரண்டு மூன்று இடங்களில் செய்து, எண்கள் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது அவசியம். மேட்டின் காய்ந்த மண்ணிலிருந்து பள்ளத்தின் ஈர மண்ணுக்கு வந்தால் மறுபடி செய்யுங்கள். தானாகச் சரிசெய்யும் டிராக்கிங் வசதி, மண் அடிக்கடி மாறும் இடத்தில் உதவும். ஆனால் ஆழத்துத் தேடலில் அதை அணைத்துவிடுவதே நல்லது. சந்தேகமான மெல்லிய சிக்னலின் மேல் காயிலை ஐந்தாறு முறை ஆட்டினால் டிராக்கிங் அதையும் மண் என்று பழகிக்கொண்டு விழுங்கிவிடும். ஃப்ரோம் பானை போன்ற பரந்த இலக்குகள் இதில்தான் முதலில் காணாமல் போகும்.

மூன்றாவது, டிஸ்கிரிமினேஷன், அதாவது வேண்டாத உலோகங்களை ஒலிக்காமல் தடுக்கும் வடிகட்டி. முழுவதும் திறந்துவிடுங்கள். ஈக்வினாக்ஸில் குதிரை லாடப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் எல்லா உலோகமும் ஒலிக்கும். அயர்ன் பயாஸ் எஃப்2 ஆரம்பத்தில் 6-இல் இருக்கும். அதை 0 முதல் 2-க்குள் இறக்குங்கள். அயர்ன் பயாஸ் உயரத்தில் இருந்தால், இரும்பா வேறு உலோகமா என்று இரண்டுங்கெட்ட சிக்னலை எல்லாம் கருவி இரும்பின் கணக்கில் எழுதிவிடும். ஆழத்தில் உள்ள நல்ல இலக்கு பெரும்பாலும் இரண்டுங்கெட்டதாகத்தான் ஒலிக்கும். இதற்கு விலை உண்டு, ஆணிகள் நிறையப் பாடும். அந்த விலையைக் கொடுக்க மனமில்லாதவர்கள் ஆழத்துத் தேடலைத் தொடங்காமல் இருக்கலாம்.

நான்காவது ரெகவரி ஸ்பீடு. சில கருவிகளில் ரியாக்டிவிட்டி என்பார்கள். ஒரு சிக்னலை முடித்துக்கொண்டு அடுத்ததற்குக் கருவி எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது என்பதை இது தீர்மானிக்கிறது. எண் உயர்ந்தால் ஆணிக் கூட்டத்துக்கு நடுவே காசைப் பிரித்துக் காட்டும், ஆனால் ஆழம் குறையும். ஈக்வினாக்ஸின் பார்க் 1 என்ற தேடல் முறையில் தொடக்க நிலை 5. குப்பை குறைவான வயலில் 3-க்கு இறக்குங்கள். 2-க்கும் 1-க்கும் போனால் மண்ணின் ஒலியும் நீண்டு கலந்துவிடும். சுத்தமான, தாது குறைந்த மண்ணில் மட்டுமே அது தாங்கும்.

ரெகவரியை இறக்கியவர் வீச்சையும் மெதுவாக்க வேண்டும். இடமிருந்து வலம் போய்த் திரும்ப இரண்டு மூன்று விநாடி என்பது வழக்கமான வேகம். ஆழத்துக்கு நான்கு விநாடி வரை எடுக்கலாம். அதற்காக ஊர்ந்துகொண்டே போகக் கூடாது. அசைவை நம்பும் கருவியில் காயில் கிட்டத்தட்ட நின்றுவிட்டால் சிக்னலே எழாது.

ஐந்தாவதாகத்தான் சென்சிட்டிவிட்டி. தொடக்க நிலை 20, உச்சம் 25. ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். காயில் அசையாமல் இருக்கும்போதே கருவி பிதற்றினாலும், ஒரே இடத்தில் வீசும்போது திரும்பத் திரும்ப வராத ஒலிகள் கிளம்பினாலும் எல்லை தாண்டிவிட்டது. அங்கிருந்து ஒன்றிரண்டு படி இறங்குங்கள். 24-இல் கத்திக்கொண்டிருக்கும் கருவியைவிட 21-இல் அமைதியாக இருக்கும் கருவி ஆழமாகக் கேட்கும். தாது மிகுந்த மண்ணில் 17, 18-க்கு இறங்குவதுகூடச் சரியே. மண்ணின் எதிர்வினை குறைந்தால் இலக்கு மேலே தெரியும்.

கடைசியாக ஒலி. த்ரெஷோல்டை (பின்னணியில் விடாமல் கேட்கும் ஒலியை) மிக மெல்லிய ரீங்காரமாக வையுங்கள். ஆழத்து இலக்கு பல நேரங்களில் தனி ஒலியாக எழாது, அந்த ரீங்காரத்தில் ஒரு சிறு ஏற்றமாகவோ ஒரு வெட்டாகவோதான் வரும். திறந்தவெளியில் காற்றடிக்கும்போது ஸ்பீக்கரில் இது காதில் விழாது. ஹெட்போன் கட்டாயம்.

அதிர்வெண்ணும் காயிலும்

'குறைந்த அதிர்வெண் மண்ணை ஊடுருவும், அதனால் ஆழம் போகும்' என்று எங்கும் எழுதுகிறார்கள். காரணம் தவறு. பத்து கிலோஹெர்ட்ஸில் காந்தப்புலம் சாதாரண வயல் மண்ணில் பல மீட்டர் இறங்கும். நாம் பேசும் முப்பது நாற்பது சென்டிமீட்டரில் மண் அதைத் தடுப்பதே இல்லை. உண்மையான காரணம் இலக்கில் இருக்கிறது. பெரிய வெள்ளி, செம்பு, வெண்கலப் பொருள்கள் 5 கிலோஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண்ணுக்கு நன்றாகப் பதில் சொல்லும். மெல்லிய சிறு காசும் பொன் துணுக்கும் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாகப் பதில் சொல்லும். என்ன தேடுகிறோம் என்று தெரியாத வயலில், பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் மல்டி நிலையே சரி. மின்கம்பி இரைச்சல் மல்டியை ஆட்டிவைத்தால் மட்டும் ஒற்றை அதிர்வெண்ணுக்கு மாறிப் பாருங்கள்.

காயிலின் அளவு ஆழத்தை உண்மையிலேயே மாற்றும், ஆனால் எல்லா ஆழத்திலும் இல்லை. ஒரே அளவு மின்னோட்டமும் கம்பிச் சுற்றுகளும் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால், 10 செ.மீ. ஆழத்தில் 28 செ.மீ. காயிலுக்கும் 38 செ.மீ. காயிலுக்கும் ஏறக்குறைய வித்தியாசம் இல்லை, சிறியதே சற்று மேல். 35 செ.மீ.யில் பெரிய காயிலின் புலம் ஒன்றரை மடங்கு. திரும்பி வரும் வழியிலும் அதே ஆதாயம் உண்டு. பெரிய காயில் அதிக மண்ணையும் அதிக ஆணிகளையும் சேர்த்தே பார்க்கும் என்பதால், குப்பை நிறைந்த பழைய குடியிருப்புத் திடலில் அது தோற்கும். திறந்த உழவு வயலில் ஜெயிக்கும்.

எந்தச் செட்டிங்கும் தராத ஆழம் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது: காயிலைத் தரையோடு ஒட்டி வைப்பது. அறுப்புத்தாள் 10 செ.மீ. உயரம் நின்றால் 10 செ.மீ. ஆழம் அப்படியே போச்சு. உருளை ஓட்டிச் சமப்படுத்திய வயலே சிறந்த வயல். வீச்சின் இரு முனையிலும் காயில் மேலே தூக்கிக்கொள்வது எல்லாரிடமும் உள்ள பழக்கம். முனையில் 8 செ.மீ. தூக்கினால் அந்தப் பக்கம் முழுக்கத் தேடாத நிலம்தான்.

சந்தேகச் சிக்னலைச் சோதிப்பது

மழுங்கலாக ஒன்று கேட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதே இடத்தில் 90 பாகை திரும்பி நின்று வீசுங்கள். ஒரு திசையில் மட்டும் ஒலித்து மறுதிசையில் இரும்பாகப் போனால் வளைந்த ஆணியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரு திசையிலும் எண் எவ்வளவு துள்ளினாலும் ஒலி அதே இடத்தில் வந்தால் விடாதீர்கள்.

அடுத்து காயிலை 10 செ.மீ. உயர்த்தி வீசுங்கள். மேலாகக் கிடக்கும் சிறு பொருள் சட்டென்று மறையும். ஆழத்தில் உள்ள பெரிய பொருள் கொஞ்சம் மங்கினாலும் தொடரும். இலக்கின் சரியான இடத்தைக் காட்டும் பின்பாயின்ட் நிலையில் ஒலி தொடங்கும் இடங்களை நான்கு பக்கமும் காலால் கோடிட்டுப் பாருங்கள். காயிலைவிட அகலமான வட்டம் வந்தால் கீழே இருப்பது ஒற்றைக் காசு அல்ல. பின்பாயின்டில் அசைவு தேவையில்லை என்பதால், வீச்சில் குழம்பிய பரந்த இலக்கு இங்கே தெளிவாகப் பேசும்.

மூன்றாவது சோதனை மண்வெட்டியால். மேல் மண்ணில் 10 செ.மீ. மட்டும் தட்டையாக எடுத்துத் தள்ளி வைத்து, குழிக்குள் மறுபடி வீசுங்கள். உண்மையான ஆழத்து இலக்கு என்றால் ஒலி உரக்கும், எண் ஒரு இடத்தில் நிற்கத் தொடங்கும். ஒலி மறைந்தால் எடுத்த மண்ணைச் சோதியுங்கள். அதிலும் இல்லையென்றால் சிக்னல் கொடுத்தது தாதுக்கல்லோ, துருக்கறை ஏறிய மண்ணோதான்.

செட்டிங் எல்லாம் சரியாக இருந்தும் கருவி பிதற்றினால் சாமான்களைப் பாருங்கள். காயிலுக்கும் அதன் அடிமூடிக்கும் நடுவில் சேறு புகுந்திருக்கும், கழற்றிக் கழுவுங்கள். காயில் கம்பி தண்டில் தளர்ந்து ஆடினால் ஒவ்வொரு வீச்சிலும் பொய்ச் சிக்னல் எழும், இறுக்கிக் கட்டுங்கள். காலணியில் இரும்பு முனை இருக்கிறதா என்று பாருங்கள்.

சில மண்ணில் இவை எதுவும் போதாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா தங்கவயல்களில் இரும்புக்கல் மிகுந்த செம்மண் விஎல்எஃப் கருவிகளைத் திணறடிக்கும். பின்னாளில் அங்கே, மின்துடிப்புகளை அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகள் கோலோச்சியதற்குக் காரணம் அதுதான். 1980 செப்டம்பர் 26 அன்று கிங்கோவர் அருகே கிடைத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெயித்' தங்கக் கட்டியின் எடை 27 கிலோவுக்கு மேல். அது கிடந்த ஆழம் சுமார் 30 செ.மீ. மறுபக்கம், 2014-இல் இங்கிலாந்தின் லென்பரோவில் ஈயத் தகட்டில் சுற்றிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சாக்சன் வெள்ளிக் காசுகள் சுமார் 60 செ.மீ. ஆழத்தில் கிடைத்தன. 'இந்தக் கருவி இத்தனை சென்டிமீட்டர் போகும்' என்ற ஒற்றை எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இலக்கின் பருமனும் மண்ணும் சேர்ந்தே ஆழத்தைத் தீர்மானிக்கின்றன.

எங்கே நிறுத்துவது

ஆழத்துச் செட்டிங் ஒரு பொறுப்பையும் கூடவே கொண்டுவருகிறது. கலப்பை எட்டும் ஆழம் பொதுவாக 25 முதல் 30 செ.மீ. அதற்கு மேலுள்ள மண் ஏற்கெனவே பலமுறை புரண்டது. அதற்குக் கீழே உள்ளது கலையாத மண், பொருள்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். குழி அந்த எல்லையைத் தாண்டி, பானை ஓடும் காசும் சேர்ந்து தலைகாட்டினால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

கிறிஸ்ப் நிறுத்தியதால் என்ன கிடைத்தது என்று பாருங்கள். தொல்லியலாளர் ஆலன் கிரகாம் தலைமையில் மூன்று நாள் அகழ்ந்து, பானையிலிருந்த காசுகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் தனிப்பைகளில் குறித்து எடுத்தார்கள். ரோமிடமிருந்து பிரித்து பிரிட்டனைத் தனியாட்சியாக்கிய ரோமானியத் தளபதி கராசியஸ் காலத்துக் காசுகள் மட்டும் 760-க்கு மேல் இருந்தன. காலத்தால் பிந்திய அந்தக் காசுகள் பெரும்பாலும் பானையின் வாய்ப்பக்கம் இல்லாமல் வெகு கீழே இருந்தன. ஆண்டாண்டாகச் சேமித்துப் போட்டிருந்தால் கடைசிக் காசுகள் மேலே இருந்திருக்கும். ஆகவே பானையை ஒரே சமயத்தில் நிரப்பிப் புதைத்தார்கள் என்ற முடிவுக்கு வர முடிந்தது. ஒருவர் அவசரமாக அள்ளி வாளியில் போட்டிருந்தால் 52,503 காசு மிஞ்சியிருக்கும், இந்தச் செய்தி மிஞ்சியிருக்காது. புதையலுக்கு 3,20,250 பவுண்டு மதிப்பிட்டார்கள். இப்போது அது டாண்டனில் உள்ள சாமர்செட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதி பெற்றுத் தேடலாம், பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் கூடாது. 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் எனத் தெரிந்த 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் நடப்பில் உள்ளது. மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னப் பகுதியில் அனுமதியின்றித் தோண்டுவது 1958-ஆம் ஆண்டுத் தொன்மை நினைவுச்சின்னங்கள், தொல்லிடங்கள் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் கருவி வாங்க நினைப்பவர் விலைப்பட்டியலுக்கு முன்னால் இந்த இரண்டு சட்டங்களையும் படித்துவிடுவது நல்லது.